ராயப்பண்ணன் அடிக்காமல் விட்ட அடிகள்

எங்கள் இன்னிசைக் குழுவில் இருபத்தாறு வருடம் ட்ரம்ஸ் வாசித்த ராயப்பண்ணனைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று நான் பலரிடம் சொல்லிப் பார்த்தேன். எழுத என்ன இருக்கிறது, அந்த ஆள் மேடையில் ஒன்றுமே வாசிக்க மாட்டாரே என்றார்கள். அந்தக் கோபத்தில்தான் நானே எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் பெயர் செல்லமுத்து. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் லாரிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் வேலை. முகூர்த்த நாட்களில் பேஸ் கிட்டார் வாசிப்பேன். பாடகருக்குப் பின்னால் நான்கு தடித்த கம்பிகள் கட்டிய கிட்டாரோடு சிரிக்காமல் ஒருவன் நின்றுகொண்டிருப்பான், அவனை யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள். அது நான்தான்.

ராயப்பண்ணன் பிறந்தது சேலம் டவுனில். அப்பா தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். படிப்பு ஏறாததால் பதினாறு வயதில் சங்ககிரிக்கு வந்து டீசல் பம்ப் வேலை பழகினார். லாரி இன்ஜினுக்குள் டீசலை அளந்து அனுப்புகிற பம்பைக் கழற்றி, சுத்தம் செய்து, சரியாக்கி மாட்டுகிற வேலை. பிறகு அங்கேயே சொந்தக் கடை போட்டார். சங்ககிரியில் பம்ப் மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் இன்ஜின் நின்ற இடத்தில் சீராக ஓடவில்லை என்றால் டிரைவர்கள் ராயப்பண்ணன் கடைக்குத்தான் வருவார்கள். அவர் பானெட்டைத் திறந்து, ஒரு ஸ்க்ரூவை இம்மியளவு திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். சரியானதும் "போலாமுங்க" என்பார். ஒரு நாளைக்கு அவர் பேசுகிற பேச்சில் பாதி அந்த ஒரு சொல்தான்.

அவருக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது பம்பாய் லைன் ஓடுகிற ஒரு லாரி வேலைக்கு வந்து இரண்டு நாள் நின்றது. கேபினில் உட்கார்ந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர், சும்மா டேப்பைத் தட்டிவிட்டார். இங்கிலீஷ் பாட்டு. எழுபதுகளில் அமெரிக்காவில் கறுப்பினப் பாடகர்கள் பாடிய காதல் பாட்டுகள், வழவழவென்று, அவசரமே இல்லாமல். சோல் என்று அதற்குப் பெயர் இருப்பதெல்லாம் அவருக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். கேசட்டில் ஒட்டியிருந்த காகிதம் டீசல் பட்டு அழிந்துபோயிருந்தது. அதைத் திருடிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். திருப்பிக் கொடுக்க முப்பத்தைந்து வருடமாக மறந்துபோயிருக்கிறார், அவ்வளவுதான்.

அப்போதே அவர் மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ட்ரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். எல்லா இளவட்டங்களையும்போல வரிக்கு வரி உருட்டி, பாட்டு முடிந்தால் சிம்பலைச் சாத்து சாத்தென்று சாத்துகிற ஆள். கேசட்டைக் கேட்டதும் சிரிப்பு வந்ததாம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால், இரண்டிலும் நான்கிலும் சின்ன ட்ரம்மில் ஒரு தட்டு. அதுவும் ஓங்கி இல்லை, குச்சியைப் படுக்கவைத்து விளிம்பில் 'டக்'. மூடிவைத்த ஹை-ஹாட் என்கிற ஜோடித் தட்டில் 'சிக் சிக்' என்று ஒரு சத்தம். காலால் பெரிய ட்ரம்மில் அவ்வப்போது ஒரு 'தும்'. நாலரை நிமிஷப் பாட்டில் வேறொன்றுமே கிடையாது. "இதுக்கு ஒரு ஆள வெச்சு சம்பளம் வேற குடுத்திருக்கறாங்க பாரு" என்று நினைத்தாராம்.

அன்று சாயங்காலம் கோவில் ட்ரம்ஸில் அதையே வாசித்துப் பார்த்தார். வரவில்லை. ஒரு நிமிஷத்துக்குள் கை தானாக எதையாவது சேர்த்தது. சேர்க்காமல் விட்டால் வேகம் கூடியது. வேகத்தைப் பிடித்தால் பிணம்போலக் கிடந்தது. கேசட்டில் அந்த 'டக்' வர வேண்டிய நேரத்துக்கு வராமல் ஒரு மயிரிழை பொறுத்து வருவதைக் கண்டுபிடிக்கவே அவருக்கு மூன்று மாதம் ஆயிற்று. அதைத் தன் கையில் கொண்டுவர மூன்று வருடம். நிறைகுடம் தளும்பாது என்பார்கள். காலிக்குடமும்தான் தளும்பாது. அவர் எந்தக் குடம் என்று ஊருக்கு இன்றுவரை சந்தேகம்.

உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். ஜேடர்பாளையம் பக்கம் ஒரு காதுகுத்து. நாங்கள் வாசித்துக்கொண்டிருக்கிறோம். விசேஷ வீட்டுக்காரர் மேடையோரம் வந்து எங்கள் குழுத் தலைவர் செந்தமிழனிடம், "ஏனுங்க, ட்ரம்ஸ்காரருக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?" என்று கேட்டார். செந்தமிழனுக்கு மானம் போயிற்று. இடைவேளையில் அண்ணனிடம், "நாலு ரோல் உருட்டுனா என்னங்கண்ணா கொறஞ்சு போயிரும்?" என்று கத்தினார். அண்ணன் டீயை ஊதிக்கொண்டே, "பாட்டுல எடமிருந்தா போடறனுங்க" என்றார். அடுத்த மூன்று நிகழ்ச்சிகளுக்குச் செந்தமிழன் வேறொரு ஆளைக் கூட்டிவந்தார். அவன் மழை பெய்வதுபோல வாசித்தான். நான்காவது நிகழ்ச்சிக்கு எங்கள் பாடகி இனியா வர முடியாது என்று சொல்லிவிட்டார். "ராயப்பண்ணன் இருந்தாத்தான் எனக்கு மூச்சு வாங்க நேரம் கெடைக்குது" என்பது அவர் நியாயம். அண்ணன் திரும்பி வந்தார். யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

எனக்கும் அவருக்கும் உள்ள உறவைச் சொன்னால்தான் பின்னால் வருவது புரியும். பேஸும் ட்ரம்ஸும் ஒரே வண்டியின் இரண்டு மாடு. நானோ கொஞ்சம் துள்ளுகிற மாடு. கூட்டம் கைதட்டினால் விரல் சும்மா இருக்காது. கம்பியில் மேலேயும் கீழேயும் ஓடிவிட்டு வருவேன். அண்ணன் திட்ட மாட்டார், என் பக்கம் பார்க்கவும் மாட்டார். அந்த நேரத்தில் தன் வாசிப்பை இன்னும் குறைத்துவிடுவார். நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்தவனைப்போல நான் மட்டும் தனியாக நிற்பேன். அப்படிப் பல தடவை நின்றுதான் ஒழுங்காக வாசிக்க வந்தது, முழுதாக வந்தது என்று சொல்ல மாட்டேன்.

அவர் மனைவி வேளாங்கண்ணி அக்கா நேர் எதிர். ஓமலூர்ப் பக்கத்துக்காரர், வாயைத் திறந்தால் வீடு நிறையும். "பொண்டாட்டிகிட்ட நாலு வார்த்த பேசுனா தாளம் தப்பிருமாட்ட இருக்குது" என்று எங்கள் முன்னாலேயே கேட்பார். அண்ணன் சிரிப்பார். ஒரே மகள் ஜெர்லின். சேலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை. அவளுக்கு நான் சித்தப்பா.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அக்காவுக்கு நடுக்குவாதம் வந்தது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. கை நடுக்கத்தை மாத்திரை ஓரளவு பிடித்துவைத்தது. கால்தான் பெரும்பாடு. நன்றாக நடந்து வருவார், நிலைவாசல் வந்ததும் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனசு போகச் சொல்லும், கால் கேட்காது. வேடிக்கை என்னவென்றால் படிக்கட்டு ஏறிவிடுவார், சமதரையில் வாசல் தாண்ட முடியாது. கையைப் பிடித்து இழுத்தால் விழுந்துவிடுவார். தானாகக் கால் வரும்வரை பக்கத்தில் நிற்க வேண்டியதுதான். கடைவீதியில் எல்லாரையும் வம்புக்கு இழுத்த மனுஷி, சொந்த வீட்டுச் சமையலறை வாசலில் சிலையாக நிற்பதைப் பார்க்க எனக்குத் தாங்காது. பார்க்காத மாதிரி வேறுபக்கம் திரும்பிக்கொள்வேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அண்ணன் வீட்டு முன்னறையில் நானும் அவரும் அந்தக் கேசட் பாட்டு ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தோம். அக்கா கறிக்குழம்புச் சட்டியோடு சமையலறை வாசலுக்கு வந்து நின்றுவிட்டார். சூடான சட்டி. அண்ணன் எழுந்திருக்கப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் அக்காவின் வலது கால் எழுந்தது. 'டக்' என்ற சத்தத்தோடு தரையில் பட்டது. அடுத்த 'டக்'குக்கு இடது கால். அப்படியே வந்து சட்டியை மேசையில் வைத்துவிட்டு, தான் என்ன செய்தோம் என்று தெரியாமலே திரும்பி உள்ளே போனார். அண்ணன் வாசிப்பை நிறுத்தவில்லை. என்னைப் பார்த்து, "நிறுத்தீராத" என்றார். இருபது நிமிஷம் வாசித்தோம். அக்கா சோறு கொண்டுவந்தார், தண்ணீர் கொண்டுவந்தார், கொடியில் காய்ந்த துணியை எடுத்துவந்தார். எனக்கு விரல் கன்றிப்போயிற்று. கடைசியில் அண்ணன் குச்சியை வைத்தபோது அவர் கன்னம் ஈரமாக இருந்தது. அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சேலத்தில் நரம்பு டாக்டரிடம் கேட்டதற்கு, சிலருக்கு அப்படி நடக்கும், சீரான தாளம் காலுக்குக் கைகொடுக்கும் என்றாராம். அதன் பிறகு எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தோம். உருட்டி வாசித்தால் அக்கா நின்றுவிடுவார். போனில் டிக் டிக் என்று அடிக்கும் கருவியைப் போட்டால், "ஊசி போடக் கூப்பிடறாப்பல இருக்குது" என்பார். அண்ணன் வாசித்ததைப் பதிவு செய்து ஓடவிட்டோம். பாதி தூரம் வந்தார், ஒரு தடவை கால் தயங்கியது, அவ்வளவுதான். பதிவு தன்பாட்டுக்குப் போய்விட்டது, அக்கா நின்றுவிட்டார். அண்ணன் நேரில் வாசிக்கும்போது அவர் கண் அக்காவின் பாதத்தில் இருக்கும். கால் தயங்கினால் வேகம் மாற்ற மாட்டார், அடியைக் கூட்டவும் மாட்டார். வாசிப்பிலிருந்து எதையாவது எடுத்துவிடுவார். பெரிய ட்ரம் நிற்கும், வெறும் 'டக்' மட்டும் இருக்கும். அந்தக் காலியிடத்தில் அக்கா காலை வைப்பார். முப்பது வருடமாக எதற்குப் பழகினோம் என்று இப்போதுதான் தெரிந்தது என்றார் என்னிடம் ஒரு நாள். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதில் நான் பயந்துவிட்டேன்.

போன வருடம் ஜெர்லினுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஈஸ்டர் கழிந்து இரண்டாவது புதன்கிழமை, சங்ககிரிப் பக்கம் எங்கள் பங்குக் கோவிலில் பூசை. எங்கள் என்று என்னை அறியாமல் எழுதிவிட்டேன். நான் மலைமேல் இருக்கும் அர்த்தநாரீஸ்வரரைக் கும்பிடுகிறவன். ஆனால் அந்தக் கோவிலில் வாசித்த கணக்குக்கு எனக்கும் அது சொந்தம்தான்.

பவனியில் பெண்ணை அப்பாவும் அம்மாவும் இருபுறமும் கைபிடித்து, வாசலிலிருந்து பீடம்வரை கூட்டிப்போவது வழக்கம். அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகலாம் என்று அவருடைய தம்பி பிரான்சிஸ் சொன்னார். கோவில் பாடகர் குழுவை நடத்துகிறவர், நல்ல மனுஷர், எதிலும் கொஞ்சம் வேகம். அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "சீர்வரிசைச் சாமானாட்டத் தள்ளீட்டுப் போவீங்களா? எம்மகளக் கையப் புடிச்சு நான் நடந்து கொண்டுபோய் உடணும். நடக்க முடியலீனா நான் கோயலுக்கே வர்ல" என்றார்.

நடக்க வேண்டுமானால் அண்ணன் வாசிக்க வேண்டும். அண்ணன் வாசித்தால் மகளின் வலதுகைப் பக்கம் காலி. இதுதான் சிக்கல். இதற்கு எந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் தீர்ப்புக் கிடையாது.

அண்ணன் வாசிப்பது என்று முடிவாயிற்று. அவரே முடிவு செய்தார், யாரிடமும் பேசாமல். அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம் அது ஒன்று. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கோவிலில் ட்ரம்ஸ் சத்தம் கூடாது என்பதால், நாற்பது நாளும் ஒத்திகை பம்ப் கடையில் நடந்தது. பாதி இறக்கிய ஷட்டர்தான் எங்களுக்குக் கோவில் வாசல். வாசலிலிருந்து பீடம்வரை நாற்பத்திரண்டு காலடி என்று பிரான்சிஸ் அளந்துவந்து சொன்னார். கடைக்குள் அவ்வளவு இடமில்லை. பம்புகளைச் சுற்றி மூன்று சுற்று வந்தால் கணக்கு சரியாக வரும். வேலைக்கு வந்த லாரி டிரைவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு, அக்கா சுற்றி வருவதை எண்ணினார்கள். முப்பதாவது நாள் அக்கா ஒருதடவைகூட நிற்காமல் நாற்பத்திரண்டும் நடந்தார். ஒரு டிரைவர் எழுந்து விசிலடித்தார்.

ஜெர்லின் மட்டும் ஒத்திகைக்கு வந்துபோனாளே தவிர, அப்பாவோடு சரியாகப் பேசவில்லை. வேலைக் களைப்பு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, திங்கட்கிழமை, கோவிலிலேயே முழு ஒத்திகை. பாடகர் குழு பீடத்துக்கு இடப்பக்கம். அண்ணன் ட்ரம்ஸில், நான் பக்கத்தில். அக்கா வாசலைத் தாண்டிவிட்டார். நடுவழியும் தாண்டிவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிரான்சிஸ் கையை உயர்த்திப் பாடகர்களைக் கைதட்டவைத்தார். தட்டல் காதில் விழுந்ததும், இருபது வருடப் பழக்கம், என் விரல் மேலே ஓடி ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தது. அரை வினாடி இருக்குமா? அக்காவின் இடது கால் அந்தரத்தில் நின்றது, எங்கே வைப்பதென்று தெரியாமல். அடுத்த கணம் ஜெர்லின்மேல் சாய்ந்து, இருவருமாகத் தரையில் விழுந்தார்கள்.

முழங்கால் தோல் உரிந்ததோடு போயிற்று. அக்காவே, "செல்லமுத்து, நீ எம்மேல ரொம்ப நாளாக் கோவமா இருந்திருக்கறயாட்ட" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிட்டாரைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். புதன்கிழமை வாசிக்க மாட்டேன் என்று சொன்னேன்.

அப்போதுதான் ஜெர்லின் வெடித்தாள். அவள் கோபம் என்மேல் இல்லை.

"என்ற முதல் நன்மைப் பூசைக்கு எல்லாப் பிள்ளைகளோட அப்பாவும் பக்கத்துல நின்னாங்க. நீங்க ட்ரம்ஸுக்குப் பொறகால இருந்தீங்க. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அப்படித்தான். பட்டம் வாங்குன அன்னைக்கு ஜலகண்டாபுரத்துல கச்சேரி. ஒருநாளும் நான் ஒண்ணும் கேட்டதில்ல. இதுக்காச்சும் எங்கூட நடந்து வருவீங்கன்னு நெனச்சேன், அப்பா."

பிரான்சிஸ் அவசரமாக, "நான் தாய்மாமன்தான சாமி, வலதுகைப் பக்கம் நான் வாரேன்" என்றார்.

"வேண்டாங் மாமா. அது அவுங்க எடம். காலியாவே இருக்கட்டும்."

அக்கா தரையில் உட்கார்ந்தபடியே, தான் நாற்காலியிலேயே வந்துவிடுவதாகச் சொன்னார். "நான் அடம் புடிச்சதுதான் தப்பு. அப்பனக் கூட்டீட்டுப் போ கண்ணு." மகள் முடியாது என்றாள். அம்மா நடக்க வேண்டும், அப்பாவும் வேண்டும். இரண்டும் கிடைக்காது என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் அழுகை நின்றுவிடுமா?

அண்ணன் ட்ரம்ஸுக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஏதாவது பேசித்தொலையேன் என்று எனக்குள் கத்தினேன். அவர் எழுந்து வந்து மகள் தலையில் கை வைத்தார். பிறகு என் கிட்டார்ப் பெட்டியைத் திறந்து, கிட்டாரை எடுத்து என் கழுத்தில் மாட்டினார். "புதன்கெழமை ஒம்போது மணிக்கு வந்துரு" என்றார். இவ்வளவுக்கும் பிறகு அந்த மனுஷன் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான்.

புதன்கிழமை கோவில் நிறைந்துவிட்டது. வெள்ளைப் பட்டுச் சட்டையும் வேட்டியுமாக அண்ணன் ட்ரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்ததும், "பொண்ணோட அப்பன் அங்க என்ன பண்றாரு?" என்று உறம்பரைச் சொந்தங்களுக்குள் முணுமுணுப்பு. வாசலில் வெள்ளைச் சேலையும் முக்காடுமாக ஜெர்லின். அவள் இடதுகையைப் பிடித்து அக்கா. வலதுபக்கம் யாருமில்லை.

அண்ணன் ஆரம்பித்தார். நான் சேர்ந்தேன். வருகைப் பாடலை பிரான்சிஸ் எடுத்தார். போட்டோக்காரர்கள் விளக்கைத் தூக்கிக்கொண்டு வாசலை அடைத்தார்கள். அக்காவின் கால் ஒட்டிக்கொண்டது. ஒரு சரணம் முடிந்தது, கால் வரவில்லை. கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பிரான்சிஸ் கழுத்தில் வேர்வை. அண்ணன் பெரிய ட்ரம்மை நிறுத்தினார். பிறகு ஹை-ஹாட்டையும் நிறுத்தினார். நானூறு பேர் மூச்சுவிடுகிற கோவிலில் அந்த ஒரு 'டக்' மட்டும் கேட்டது. அக்காவின் வலது கால் எழுந்தது.

நான் எண்ணினேன். பத்து. பதினைந்து. பதினெட்டில் ஜெர்லின் எங்கள் பக்கம் பார்த்தாள். கோபமாக இல்லை. சும்மா பார்த்தாள், முக்காட்டுக்குள்ளிருந்து. தன் வலதுகையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சேலை மடிப்பைப் பிடித்திருந்தாள். அண்ணன் அதைப் பார்த்தார்.

"புடிச்சுக்க, செல்லமுத்து" என்றார்.

எதைப் பிடிக்க என்று நான் கேட்பதற்குள் குச்சிகளை ட்ரம் மேல் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். இது பேசிவைத்ததில்லை. ஒத்திகையில் இல்லை. பிற்பாடு கேட்டதற்கு, எழுந்தது தனக்கே தெரியாது என்றார். தாளம் நின்ற இடத்தில் என் நான்கு கம்பிகள் மட்டும் இருந்தன. இரண்டு நாளுக்கு முன்னால் அந்த அம்மாவைக் கீழே தள்ளியவன் நான். ட்ரம்ஸ் நின்றதும் பிரான்சிஸ் பதறிப்போய், கூட்டத்தைத் தட்டவைக்கக் கையைத் தூக்கினார். வெறுங்காலால் அவர் காலை ஓங்கி மிதித்தேன். கை இறங்கிவிட்டது. அதற்கு இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அக்காவின் கால் தயங்கியது. நான் எதையும் சேர்க்கவில்லை. ஒன்றில் ஒரு சுரம், மூன்றில் ஒரு சுரம். நடுவில் விரல் மேலே ஓடத் துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆம்ப்ளிஃபயர் தரைவழியாக அதிர்ந்ததை என் பாதமே உணர்ந்தது. அக்காவின் கால் தரையில் பட்டது. அடுத்ததும் பட்டது. அண்ணன் பெஞ்சுகளுக்கு நடுவே வேட்டியைப் பிடித்துக்கொண்டு, ஓடுவதுபோல நடந்துபோய், மகளின் வலதுகையைப் பிடித்தார். ஜெர்லின் அவர் தோளில் ஒருதரம் நெற்றியை முட்டிவிட்டு, நிற்காமல் நடந்தாள்.

பிற்பாடு அவள்தான் சொன்னாள். அண்ணனைப் பார்த்ததும் அக்கா நடந்துகொண்டே, "ஏனுங்க, அப்ப அங்க ஆரு வாசிக்கறது?" என்று கேட்டாராம். அண்ணன், "நம்ம செல்லமுத்து" என்றாராம். "ஐயோ, அப்ப வெரசா நடங்க, மறுக்கா எதாச்சும் நோண்டீருவாப்ல" என்றாராம் அக்கா.

முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. அதற்குமேல் எனக்கு எண்ணிக்கை தெரியாது. கண்ணீர் மறைத்துவிட்டது. அக்கா எங்கே இருக்கிறார், படி ஏறினாரா, இன்னும் எத்தனை அடி பாக்கி, ஒன்றும் தெரியவில்லை. நான் நிறுத்தினால் அவரும் நின்றுவிடுவார் என்பது மட்டும் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு வாசித்தேன். பாட்டு முடிந்ததோ, பாடகர்கள் நிறுத்தியதோ, ஃபாதர் கைகளை விரித்தபடி காத்துக்கொண்டிருந்ததோ எனக்குத் தெரியாது. ஒன்றில் ஒரு சுரம், மூன்றில் ஒரு சுரம்.

பிரான்சிஸ் நொண்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். கம்பிகள்மேல் மெல்ல உள்ளங்கையை வைத்தார்.

"போதுங்க செல்லமுத்து" என்றார். "அக்கா உக்காந்து சித்த நேரமாச்சு."